ஒரே கரி, மூன்று விதமான வி.எம்.: எங்கே பிசகுகிறது?

கரித்துகள்:

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிறிய தனியார் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கப்பலில் வரும் இந்தோனேசிய நிலக்கரிதான் எங்களிடம் அதிகம்.

போன வாரம் ஒரு சாம்பிளுக்கு வாலடைல் மேட்டர் (வி.எம்., அதாவது காற்றுப் படாமல் சூடாக்கும்போது ஈரம் தவிர ஆவியாக வெளியேறும் பங்கு) பார்த்தேன். மூன்று தடவை செய்ததில் 41.8, 43.6, 42.1 என்று வந்தது. சராசரி 42.5. அதே சாம்பிளின் இன்னொரு பாதி வேறொரு ஆய்வகத்துக்குப் போயிருந்தது. அவர்கள் அறிக்கையில் 41.0. கரி வாங்கியவர் ஒன்றரை சதவீத வித்தியாசம் ஏன் என்று கேட்கிறார். மூன்றில் அவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் 41.8-ஐ மட்டும் எழுதி அனுப்பிவிடச் சொல்கிறார் எங்கள் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் தெரியாமல் ஓர் எண்ணை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுப்பது?

நான் செய்வது இந்தியத் தரமான ஐஎஸ் 1350 முதல் பகுதியில் உள்ள முறை. 212 மைக்ரான் சல்லடையில் சலித்த தூள் 1 கிராம், மூடி போட்ட சிலிக்கா குரூசிபிள் (சூடு தாங்கும் சின்னக் கிண்ணம்), மஃபிள் உலையில் 900 டிகிரி, 7 நிமிடம். மொத்த எடைக் குறைவிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்துவிடுவேன். ஈரப்பதம் 14.6, சாம்பல் 4.9. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடிதான் செய்கிறேன். எங்கே தப்பு நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உலைவாய்:

தம்பி, பொறுக்கி எடுக்க மறுத்தீர்களே, அதை விடாதீர்கள். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 562-ஐ எடுத்துப் பாருங்கள். வி.எம். 10-க்கு மேல் இருந்தால், ஒரே ஆள் ஒரே ஆய்வகத்தில் செய்யும் இரண்டு முடிவுகளுக்கு இடையே சராசரியில் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. உங்கள் 42.5-க்கு அது சுமார் 1.3. உங்கள் 41.8-க்கும் 43.6-க்கும் நடுவே 1.8 இருக்கிறது. ஆக, மூன்றில் எதையும் அனுப்ப உங்களுக்கு உரிமை இல்லை. மறுபடி செய்யத்தான் வேண்டும்.

அதற்கு முன்னால் சில கேள்விகள். உலையிலிருந்து எடுத்து ஆறவைத்து மூடியைத் திறக்கும்போது கரியின் மேற்பரப்பு எப்படி இருக்கிறது? முழுக் கறுப்பா, இல்லை மேலே சாம்பல் பூத்திருக்கிறதா? உலைத் தரையில் கருந்துகள் சிதறிக் கிடக்கிறதா? ஒரே நேரத்தில் எத்தனை குரூசிபிள் உள்ளே போகிறது? ஈரப்பதத்துக்கு எப்போது எடை போட்டீர்கள், வி.எம்.முக்கு எப்போது போட்டீர்கள்? கடைசிக் கேள்வியை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

தராசுமுள்:

அந்த இன்னொரு அறிக்கையில் ஈரப்பதமும் சாம்பலும் என்ன போட்டிருக்கிறது? அது தெரியாமல் 42.5-ஐயும் 41.0-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

கரித்துகள்:

அவர்கள் அறிக்கை: ஈரப்பதம் 12.2, சாம்பல் 5.1, வி.எம். 41.0. முறை ஐஎஸ்ஓ 562.

உலைவாய் அண்ணா, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மேற்பரப்பில் மெல்லிய வெண்சாம்பல் இருந்தது, எல்லாவற்றிலும் இல்லை, 43.6 வந்த குரூசிபிளில் மட்டும் நன்றாகத் தெரிந்தது. தரையில் கருந்துகள் இருந்தது, பழையது என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். ஒரே தடவையில் ஆறு குரூசிபிள் வைப்பேன். ஈரப்பதம் காலை பத்து மணிக்கு, வி.எம். மதியம் மூன்றரைக்கு.

தராசுமுள்:

சரி, கணக்கைப் பார்ப்போம். ஈரமும் சாம்பலும் நீக்கிய அடிப்படைக்கு இரண்டையும் கொண்டுவருவோம். உங்களுடையது 42.5-ஐ 80.5-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 52.8. அவர்களுடையது 41.0-ஐ 82.7-ஆல் வகுத்தால் 49.6. நீங்கள் ஒன்றரை என்று நினைத்த வித்தியாசம் உண்மையில் மூன்றுக்கு மேல். அவர்கள் சாம்பிள் உங்களுடையதைவிடக் கொஞ்சம் காய்ந்திருக்கிறது, அதனால் வித்தியாசம் சிறியதாகத் தெரிந்தது. சாம்பலை உலர் கணக்கில் பார்த்தால் இரண்டு பக்கமும் 5.7, 5.8 என்று ஒத்துப்போகிறது. ஆகவே சாம்பிள் ஒன்றுதான், சந்தேகமே வேண்டாம். வி.எம்.மில்தான் கோளாறு.

துறைமுகத்தில் நான் தினமும் பார்க்கும் சண்டை இது. ஒருவர் கையில் வந்த நிலையில் உள்ள கணக்கு, இன்னொருவர் கையில் காற்றில் உலர்த்திய கணக்கு. உலர்த்திய நிலையில் ஈரம் 14, வி.எம். 40 உள்ள கரி, கப்பலில் வந்த நிலையில் ஈரம் 28 என்றால் அதன் வி.எம். 33.5. ஒரே கரிதான். அடிப்படை என்ன என்று எழுதாத அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உலைவாய்:

தம்பி சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. அதற்கு முன்னால் ஒன்றைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் இளம் வேதியியலர்கள் இந்த இடத்தில்தான் அதிகமாகத் தடுமாறுகிறார்கள்.

தண்ணீர் கரிக்குள் தண்ணீராகவே இருக்கிறது. 105, 110 டிகிரியில் வைத்தால் வெளியே வருகிறது. வாலடைல் மேட்டர் அப்படி உள்ளே ஒளிந்திருக்கும் பொருள் இல்லை. சூடு ஏறும்போது கரியின் மூலக்கூறு உடைந்து தாரும் மீத்தேனும் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் நீராவியுமாக அப்போதுதான் உருவாகிறது. எவ்வளவு உருவாகும் என்பதை எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம் என்பதுதான் தீர்மானிக்கிறது. நெல்லைக் கொதிக்கும் மணலில் கொட்டினால் பொரிகிறது. அதே நெல்லை அடுப்போரத்தில் மெல்லச் சூடாக்கினால் காய்ந்து கருகுமே தவிரப் பொரியாது. கரியும் அப்படித்தான். சட்டென்று சூடேற்றினால் தார் ஆவியாக வெளியே தப்பித்துவிடும். மெல்லச் சூடேற்றினால் அதில் ஒரு பகுதி உள்ளேயே சிதைந்து கரியோடு கரியாக ஒட்டிக்கொள்ளும், வி.எம். குறையும்.

அதனால்தான் 900 டிகிரி, 7 நிமிடம், இந்த அளவு குரூசிபிள், இப்படிப்பட்ட மூடி என்று ஒவ்வொன்றையும் கட்டிவைத்திருக்கிறார்கள். அமெரிக்கர்களின் தரமான ஏஎஸ்டிஎம் டி3175-இல் 950 டிகிரி. 900-க்கு மேலும் கரியிலிருந்து ஹைட்ரஜன் வந்துகொண்டுதான் இருக்கும், ஆகவே இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. முறையின் பெயர் இல்லாத வி.எம். எண் எனக்கு ஒரு தகவலே இல்லை.

இப்போது உங்கள் ஆய்வகத்துக்கு வருவோம். மேலே வெண்சாம்பல் இருந்தது என்றீர்கள். மூடி சரியாக உட்காரவில்லை, காற்று உள்ளே போய், ஆவியாகாமல் மிஞ்ச வேண்டிய நிலைக் கார்பனையே எரித்திருக்கிறது. அது வி.எம்.மை ஏற்றிக் காட்டும். ஆறு குளிர்ந்த குரூசிபிளை ஒன்றாக வைத்தால் உலையின் சூடு சடாரென்று விழும். ஐஎஸ்ஓ முறைப்படி நாலு நிமிடத்துக்குள் அது 900-க்குத் திரும்பியாக வேண்டும். திரும்பவில்லை என்றால் வி.எம். குறையும். ஒரு தப்பு மேலே இழுக்கிறது, ஒரு தப்பு கீழே இழுக்கிறது. அதனால்தான் உங்கள் மூன்று எண்ணும் மூன்று பக்கம் நிற்கின்றன.

நெய்வேலிக்காரி:

கருந்துகள் விஷயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நான் அதில் பல வருடம் மல்லுக்கட்டியவள்.

எங்கள் பழுப்பு நிலக்கரி சுரங்கத்திலிருந்து வரும்போது ஏறக்குறைய பாதி தண்ணீர். உலர்த்திப் பொடியாக்கிய பிறகும் பத்துப் பதினைந்து சதவீத ஈரம் நிற்கும். அந்தத் தூளை நேராக 900 டிகிரியில் வைத்தால் என்ன ஆகும்? உலைக் கதவின் பார்வைத் துளை வழியாக ஒருநாள் பார்த்துக்கொண்டே நின்றேன். முதல் பத்து விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் மூடியின் ஓரத்தில் மஞ்சள் சுடர் சுற்றிலும் திரி ஏற்றியது போல் எழுந்தது. நடுவில் மூடி லேசாகத் துள்ளி, சிவந்த பொறிகள் நாலைந்து தெறித்து உலைச் சுவரில் பட்டு அணைந்தன. அந்தப் பொறி ஒவ்வொன்றும் ஆவியாகாத கரித்துகள். அதன் எடையும் போனதாகத்தானே தராசு காட்டும்? நாம் அதையும் வி.எம். என்று எழுதிவிடுகிறோம்.

இதற்காகவே பழுப்பு நிலக்கரிக்குத் தனி முறை இருக்கிறது, ஐஎஸ்ஓ 5071. இரண்டு உலை. முதலில் 400 டிகிரியில் 7 நிமிடம், ஈரமும் முதல் வாயுக்களும் பதற்றமில்லாமல் வெளியேறும். உடனே 900 டிகிரி உலைக்கு மாற்றி இன்னும் 7 நிமிடம். ஏஎஸ்டிஎம்மிலும் பொறி பறக்கும் கரிக்கு மெல்லச் சூடேற்றும் மாற்று வழி கொடுத்திருக்கிறார்கள். இந்தோனேசியக் கரியில் ஈரம் அதிகமான ரகங்கள் எங்கள் நெய்வேலிக் கரிக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் நடந்துகொள்ளும். பொறி பறந்தது என்று தெரிந்தால் அந்த முடிவை அங்கேயே கைவிடுங்கள். உலைத் தரையை ஒவ்வொரு தடவையும் முன்னாலேயே சுத்தம் செய்தால்தான் கருந்துகள் புதியதா பழையதா என்று தெரியும்.

அரியலூர் சிமெண்ட்:

எங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. பெட்கோக்கில் (பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) வி.எம். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டுதான். கரியிலிருந்து நிறைய வாயு வந்தால் அதுவே குரூசிபிளுக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடும். கோக்கில் அந்த அளவு வாயு வராது, காற்று உள்ளேயே தங்கிக் கார்பனை எரிக்கும். கோக்குக்கு மூடியைத் திறந்து இரண்டிலிருந்து நாலு சொட்டு சைக்ளோஹெக்சேன் விட்டு மூடச் சொல்கிறது ஐஎஸ்ஓ 562. அது ஆவியாகிக் காற்றை விரட்டிவிடும். முன்பெல்லாம் பென்சீன் விடுவோம். அதன் நச்சுத்தன்மை தெரிந்த பிறகு அதைத் தொடவே கூடாது. பழைய பாட்டில் எங்காவது அலமாரியில் இருந்தால் முறைப்படி அப்புறப்படுத்துங்கள்.

துறைமுகவாசி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கரிக்குப் பணம் கொடுப்பது கலோரி மதிப்பைப் பார்த்துத்தானே? ஒன்றிரண்டு சதவீத வி.எம்.முக்கு இத்தனை பாடு தேவையா?

பாய்லர்மேடை:

தேவை. நான் ஆய்வகத்துக்காரன் இல்லை, அனல் மின் நிலையத்தில் பாய்லர் பார்ப்பவன். கரியை மாவாக அரைக்கும் மில்லுக்குள் சூடான காற்றை விடுகிறோம். வி.எம். அதிகமான கரி என்றால் மில்லிலிருந்து வெளியேறும் காற்றின் சூட்டைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் மில்லுக்குள்ளேயே தீப்பிடிக்கும். வி.எம். குறைந்த கரி என்றால் பர்னரில் சுடர் நிற்காது, எண்ணெய் விட்டுத் தாங்க வேண்டியிருக்கும். முற்றத்தில் கொட்டிவைத்த குவியல் தானாகப் புகைவதும் பெரும்பாலும் இந்த வி.எம். கூடிய இளம் கரியில்தான். பணம் கொடுப்பவருக்குக் கலோரி போதும். மில் பக்கத்தில் நிற்பவனுக்கு வி.எம். வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் மில்லில் தீ பார்த்தவர்கள் இந்த எண்ணைச் சாதாரணமாகப் பேச மாட்டார்கள்.

துறைமுகவாசி:

புரிந்தது அண்ணா. இந்தக் கோணம் எனக்குத் தெரியாது.

தராசுமுள்:

பாய்லர்மேடை சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். நம் மாநில மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்சரிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் கரி வருகிறது. சாம்பல் 40 பக்கம் நிற்கும். அந்தச் சாம்பலுக்கு மூலம் பெரும்பாலும் களிமண். கயோலின் களிமண்ணின் அமைப்புக்குள்ளேயே சுமார் 14 சதவீதம் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. 110 டிகிரியில் அது அசையாது, ஈரப்பதக் கணக்கில் வராது. 450, 500 டிகிரி தாண்டிய பிறகுதான் வெளியே வரும். அப்போது அது வி.எம். கணக்கில் சேர்ந்துவிடும். கார்பனேட் தாதுக்கள் இருந்தால் அவற்றின் கார்பன் டை ஆக்சைடும் அதே கணக்கில் போய்ச் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சதவீதச் சாம்பல் முழுதும் கயோலினிலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டால், 6.5 சதவீதம் தண்ணீர் வி.எம்.மாக எழுதப்பட்டிருக்கும். மணலும் கலந்திருப்பதால் நடப்பில் இதைவிடக் குறைவுதான், ஆனாலும் சில சதவீதம் நிச்சயம். அந்தச் சதவீதம் எரியாது, சுடருக்கு உதவாது. இந்தியக் கரியின் வி.எம்.மையும் சாம்பல் குறைந்த இறக்குமதிக் கரியின் வி.எம்.மையும் அப்படியே ஒப்பிட்டுக் கலவை போடுபவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

கரித்துகள்:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. நேற்றும் இன்றும் இதே வேலையாக இருந்தேன்.

உலைவாய் அண்ணா அழுத்திச் சொன்ன கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்கினேன். காலை பத்து மணிக்கு ஈரப்பதம் பார்த்தேன்: 14.6. சாம்பிள் டப்பாவை வழக்கம்போல் மேசை மேலேயே விட்டுவிட்டு மூன்றரைக்கு மறுபடி ஈரப்பதம் பார்த்தேன்: 15.7. டப்பாவின் மூடி திருகு மூடி இல்லை, சும்மா அழுத்தும் ரகம். மதியம் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஏசியை நிறுத்திவிடுவோம், ஜன்னல் வழியாகக் கடல் காற்று நேராக வரும். கரி அதைக் குடித்திருக்கிறது. வி.எம்.மிலிருந்து 14.6 கழிக்கிறேன், ஆனால் குரூசிபிளில் இருந்த கரியில் 15.7 இருந்திருக்கிறது. அந்த 1.1 வி.எம்.மில் ஏறிவிட்டது.

அடுத்து மூடிகள். எங்களிடம் ஆறு குரூசிபிள், ஆறு மூடி. கழுவி ஒரு தட்டில் குவித்துவிடுவோம், எந்த மூடி எதற்கு என்று பார்ப்பதில்லை. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டு விரலால் அசைத்துப் பார்த்தேன். இரண்டு மூடி தன் குரூசிபிளில் கச்சிதமாக உட்கார்ந்தது, வேறொன்றில் போட்டால் கடகடவென்று ஆடியது. ஒரு மூடியின் விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்திருக்கிறது. 43.6 வந்தது அதில்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, குறித்துவைக்கவில்லை.

உலைவாய்:

சில்லு பெயர்ந்த மூடியை இன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். மற்றவற்றை ஜோடி ஜோடியாகக் குழி போட்ட பெட்டியில் வையுங்கள், ஜோடி மாறவே கூடாது. ஒவ்வொரு முறையும் காலிக் குரூசிபிளை மூடியோடு 900-இல் 7 நிமிடம் சுட்டு, தடித்த உலோகத் தட்டில் ஆறவைத்து, ஈரம் புகாத டெசிகேட்டரில் வைத்த பிறகுதான் எடை. கரியைப் போட்டதும் கெட்டியான மேசையில் மெல்லத் தட்டித் தூளைச் சமமாகப் பரப்புங்கள். ஈரப்பதத்துக்கும் வி.எம்.முக்கும் ஒரே நேரத்தில், ஒரே டப்பாவிலிருந்து, அடுத்தடுத்து எடை போடுங்கள். ஈரப்பதம் பார்ப்பது நைட்ரஜன் ஓட்டத்திலா, வெறும் காற்றிலா? இளம் கரி காற்றில் சூடாகும்போது ஆக்சிஜனை ஏற்று எடை கூடும். ஈரம் குறைவாகத் தெரியும், அந்தக் குறைவு அப்படியே வி.எம்.மில் ஏறும்.

கரித்துகள்:

வெறும் காற்றில்தான் அண்ணா. நைட்ரஜன் வசதி உள்ள அடுப்பு இல்லை, கேட்டிருக்கிறேன்.

மேலாளர் இந்த இழையைப் படித்துவிட்டு, பேசாமல் டி.ஜி.ஏ. இயந்திரம் (சூடேற்றிக்கொண்டே எடைக் குறைவை அளப்பது) வாங்கிவிடலாமா என்று கேட்கிறார். அதில் மூடித் தொல்லை இல்லையே?

நெய்வேலிக்காரி:

மூடித் தொல்லை குறையும், முறைத் தொல்லை தீராது. ஒரு கிராம் அளவில் எடுக்கும் பெரிய டி.ஜி.ஏ.வுக்கு ஏஎஸ்டிஎம் டி7582 இருக்கிறது. ஈரம், வி.எம்., சாம்பல் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்கலாம், நைட்ரஜன் ஓடுவதால் கரி எரியாது. ஆனால் அது சூட்டைப் படிப்படியாக ஏற்றும். உலைவாய் ஐயா சொன்ன பொரி நினைவிருக்கிறதா? மெல்லச் சூடேறினால் எண் மாறும். வி.எம். ஏற்கெனவே தெரிந்த கரிகளை அதில் ஓட்டித் திருத்தக் கணக்குப் போட்டால்தான் மஃபிள் எண்ணோடு பொருந்தும். அந்தத் தெரிந்த எண்ணை யார் தருவார்? கடைசியில் மஃபிள் முன்னால் கடிகாரத்தோடு நிற்கத் தெரிந்த ஒருவர்தான் தர வேண்டும். பத்து மில்லிகிராம் போடும் சின்ன டி.ஜி.ஏ. ஆராய்ச்சிக்கு அருமையானது, அதன் எண்ணை ஐஎஸ் 1350 என்று அறிக்கையில் எழுதக் கூடாது. வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மஃபிளை மூலையில் தள்ளிவிடாதீர்கள்.

கரித்துகள்:

இன்று காலை செய்தது: புதுத் திருகு மூடி டப்பா. ஏசி ஓடும்போதே ஈரப்பதத்துக்கும் வி.எம்.முக்கும் அடுத்தடுத்து எடை. ஒரு தடவைக்கு இரண்டு குரூசிபிள் மட்டும். தரையைத் துடைத்துவிட்டுத்தான் வைத்தேன். ஈரப்பதம் 14.3, சாம்பல் 4.9, வி.எம். 40.2, 40.5. மூடியைத் திறந்தால் முழுக் கறுப்பு, தரையில் ஒரு துகள் இல்லை. உலை மூன்று நிமிடத்தில் 900-க்குத் திரும்பியது. ஈரமும் சாம்பலும் நீக்கிய கணக்கில் 49.9. அவர்களுடையது 49.6.

பழைய அறிக்கையை அனுப்பவில்லை. புதிய எண்ணோடு முறை, அடிப்படை, எடை போட்ட நேரம் மூன்றையும் எழுதி மேலாளரிடம் வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம். உலையின் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் பின்சுவரில், குரூசிபிளுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. அது காட்டும் 900, குரூசிபிள் நிற்கும் இடத்து 900 தானா?

உலைவாய்:

அதைக் கேட்க மாட்டீர்களா என்று காத்திருந்தேன் தம்பி. சரிபார்த்த தனித் தெர்மோகப்பிள் ஒன்றைக் கதவு வழியாக விட்டு, தாங்கியில் குரூசிபிள் நிற்கும் உயரத்தில் நுனியை வைத்துப் படியுங்கள். தாங்கியில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள், கதவோரம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். எந்த இடத்தில் 900 நிற்கிறதோ அங்கே மட்டும் குரூசிபிளை வையுங்கள். அளந்ததும் எண்களை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.